ராஜினாமாக் கடிதம் எனும் ஆவணம்: நிக்டியும் நான்கு பொருளாதார மந்தங்களும்

இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறையின் வரலாறு எழுதப்படும்போதெல்லாம் பெங்களூரு, ஹைதராபாத், சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலை, புனேயின் ஹிஞ்சவடி ஆகிய பெயர்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. நிக்டி இடம்பெறுவதில்லை. புனேயின் வடமேற்கே, பழைய மும்பை–புனே நெடுஞ்சாலையை ஒட்டி, பிம்ப்ரி–சிஞ்ச்வட் மாநகராட்சிக்குள் அமைந்த இப்பகுதி, நிறுவனங்களைக் காட்டிலும் வேலைக்குச் செல்வோரும் வேலை தேடுவோரும் வசிக்கும் இடம். தெற்கே ஹிஞ்சவடியும் வடகிழக்கே தளவடே மென்பொருள் பூங்காவும் எட்டும் தொலைவில் உள்ளன. ஆகுர்டி, சிஞ்ச்வட், பிம்ப்ரி, போசரி ஆலைகளும் அவ்வாறே. ஒரு துறையின் ஏற்றத்தை அறிய அதன் தலைமை அலுவலகங்களைப் பார்க்கலாம். அதன் இறக்கத்தை அறிய அங்கு வேலை செய்தோர் வசிக்கும் தெருக்களையே பார்க்க வேண்டும். அவ்வகையில் நிக்டி ஒரு முதன்மையான ஆய்வுக்களம்.

நிக்டியின் இன்றைய வடிவம் ஆலைகள் தந்தது. 1954-இல் உலக சுகாதார நிறுவனம், யூனிசெஃப் ஆகியவற்றின் துணையுடன் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் நிறுவப்பட்டது. 1962-இல் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் உருவானபின் இவ்வட்டாரத்தில் தொழிற்பேட்டைகள் விரிந்தன. ஆகுர்டியில் பஜாஜ் ஆட்டோவும் பிம்ப்ரி–சிஞ்ச்வட்டில் டெல்கோவும் வந்தன. அவற்றைச் சுற்றி உதிரிப்பாகங்கள் செய்யும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் முளைத்தன. தொழிலாளர் குடியிருப்பு நெருக்கடியைத் தீர்க்க 1972-இல் பிம்ப்ரி–சிஞ்ச்வட் புதுநகர் வளர்ச்சி ஆணையம் அமைக்கப்பட்டது. மக்கள் நாவில் அது 'பிராதிகரண்'. எண்ணிட்ட செக்டர்களாக அது பிரித்துத் தந்த மனைகளில் ஆலைத் தொழிலாளரும் எழுத்தரும் மேற்பார்வையாளரும் வீடு கட்டினர். அருகிலுள்ள தேஹு ரோடு, கட்கி ஆகிய படைத்துறைப் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் ஏற்கெனவே வேரூன்றியிருந்தன. ஆலைகள் வந்தபின் மலையாளிகளும் கன்னடரும் வட இந்தியரும் உடன் சேர்ந்தனர். மாத ஊதியம் நிலையானது என்ற நம்பிக்கையின் மீது எழுப்பப்பட்ட நகர் இது.

அந்த நம்பிக்கையை நான்கு பொருளாதார மந்தங்கள் சோதித்தன. நான்கிலும் தொழில்நுட்பம் கற்றோர் வேலை தேடி அலைந்தனர். ஆனால் தேடலின் சுமையை யார் சுமந்தார்கள் என்பது நான்கிலும் ஒன்றாக இருக்கவில்லை. இக்கட்டுரை அந்த மாற்றத்தைப் பற்றியது.

முதல் மந்தம் 1966–68. 1965, 1966 ஆகிய இரு ஆண்டுகளின் வறட்சி, பாகிஸ்தானுடனான போர், 1966 ஜூன் 6 அன்று டாலருக்கு 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாயாக நிகழ்ந்த நாணய மதிப்பிறக்கம் ஆகியவை அடுத்தடுத்து வந்தன. ஐந்தாண்டுத் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டு 1969 வரை ஆண்டுத் திட்டங்களே நடந்தன. அரசு முதலீடு சுருங்கியபோது முதலில் அடிபட்டது பொறியியல் துறை. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் கனவில் திறக்கப்பட்ட கல்லூரிகளிலிருந்து பட்டம் பெற்று வெளிவந்த இளைஞர்கள் வேலையில்லாமல் நின்றனர். 'வேலையற்ற பொறியாளர்' என்ற தொடர் நாடாளுமன்ற விவாதங்களிலும் நாளிதழ்களிலும் இடம்பிடித்தது அப்போதுதான்.

அன்றைய தேடலின் கருவி வேலைவாய்ப்பு அலுவலகம். 1959-ஆம் ஆண்டுச் சட்டம், 25 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை அங்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே அந்த அலுவலகம் வேலை தந்ததைவிடக் கணக்குத் தந்ததே அதிகம் எனலாம். எனினும் அந்தக் கணக்கு பயனற்றதன்று. வேலையற்ற பொறியாளர் எத்தனை பேர் என்பது பதிவேட்டில் தெரிந்ததால் அரசு பதில் சொல்ல நேர்ந்தது. பொறியியல் கல்லூரிகளின் சேர்க்கை இடங்கள் குறைக்கப்பட்டன. 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் 1973-இல் திருத்தப்பட்டு, பட்டம், பட்டயம் பெற்ற பொறியாளரும் உதவித்தொகையுடன் தொழிற்சாலைகளில் பழகுநராகச் சேர வழி செய்யப்பட்டது. இன்று ஒவ்வொரு பொறியியல் மாணவரும் அறிந்த 'அப்ரண்டிஸ்' பயிற்சி, ஒரு மந்தகாலத்து நெருக்கடியின் நீண்ட விளைவு.

இதே ஆண்டுகளில் மற்றொரு விவாதமும் எழுந்தது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் கல்கத்தாவில் கணினியை நிறுவ முனைந்தபோது, அது எழுத்தர் வேலையைப் பறிக்கும் என்று ஊழியர் சங்கங்கள் எதிர்த்தன. நடுவண் அரசு தானியங்கிமயம் பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் புனேயின் கோகலே அரசியல்–பொருளியல் நிறுவனத்தைச் சேர்ந்த பொருளியலாளர் வி. எம். தாண்டேகர். அக்குழுவின் அறிக்கை 1972-இல் வெளியானது. கணினி யாருடைய வேலையைப் பறிக்கும் என்ற வினாவை அதிகாரபூர்வமாக ஆராய்ந்தவர் புனேக்காரர் என்பதும், அடுத்த தலைமுறையில் அதே புனே கணினியால் வாழத் தொடங்கியது என்பதும் வரலாற்றின் முரண்.

அத்திருப்பம் ஒரே நாளில் நிகழவில்லை. 1981-இல் டாடா ஆராய்ச்சி, வளர்ச்சி, வடிவமைப்பு மையம் புனேயில் தொடங்கியது. 1988-இல் சி-டாக் அமைந்து, 1991-இல் 'பரம் 8000' மீக்கணினியை உருவாக்கியது. 1983-இல் முதல்வர் வசந்ததாதா பாட்டீலின் அரசு, அரசு உதவி பெறாத தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தந்தது. மறு ஆண்டே டி. ஒய். பாட்டீல் பொறியியல் கல்லூரி எழுந்தது. 1999-இல் நிக்டி பிராதிகரணிலேயே பிம்ப்ரி–சிஞ்ச்வட் பொறியியல் கல்லூரி திறக்கப்பட்டது. ஆலைத் தொழிலாளரின் குடியிருப்புக்குள்ளேயே அவர்தம் பிள்ளைகளைப் பொறியாளராக்கும் கல்லூரி வந்துவிட்டது. தொண்ணூறுகளின் இறுதியில் ஹிஞ்சவடியில் ராஜீவ் காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்கா உருப்பெற்றது. தந்தை சைக்கிளில் ஆலைக்குச் சென்ற தெருவுக்கு, பிள்ளையை அழைத்துச் செல்ல நிறுவனப் பேருந்து வரத் தொடங்கியது.

இரண்டாம் மந்தம் இந்த மாற்றத்தின் நடுவில் வந்தது. 2000 மார்ச் 10 அன்று உச்சம் தொட்ட நாஸ்டாக் குறியீடு பின்னர் சரிந்தது. அமெரிக்காவின் இணைய நிறுவனங்கள் வரிசையாக மூடப்பட்டன. ஓராண்டுக்கு 1,95,000 என்று உயர்த்தப்பட்டிருந்த எச்-1பி விசா உச்சவரம்பு, 2004 நிதியாண்டில் மீண்டும் 65,000 ஆகக் குறைந்தது. வெளிநாடு சென்ற பொறியாளர் பலர் 'பெஞ்ச்' எனப்படும் ஊதியமற்ற காத்திருப்பில் வைக்கப்பட்டனர். மானிடவியலாளர் ஷியாங் பியாவ், சிட்னியிலும் ஹைதராபாத்திலும் செய்த கள ஆய்வில் இக்காத்திருப்பை ஆராய்ந்தார். ஆட்களை அனுப்பும் இடைத்தரகு நிறுவனங்கள் சந்தையின் நிச்சயமின்மையைத் தொழிலாளியின் தோளுக்கு மாற்றும் முறையாக அது இயங்கியதை அவரது நூல் விளக்குகிறது.

பிம்ப்ரி–சிஞ்ச்வட்டில் அந்த ஆண்டு இரட்டைச் சுமையாக அமைந்தது. 2000–01 நிதியாண்டில் டெல்கோ ஏறத்தாழ 500 கோடி ரூபாய் இழப்பை அறிவித்தது. ஆலைகளில் ஆட்குறைப்பு தொடங்கியது. பஜாஜ் ஆட்டோவின் ஆகுர்டி ஆலையும் பின்னர் 2007-இல் வாகன உற்பத்தியை நிறுத்தியது. ஆலைத் தொழிலாளி வேலையை இழந்த விதத்தையும் மென்பொருள் பொறியாளர் இழந்த விதத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. முன்னவருக்குச் சங்கம் இருந்தது. 1989-இல் டெல்கோ தொழிலாளர் சனிவார் வாடா முன் உண்ணாநிலை இருந்து, காவல்துறையால் கைது செய்யப்பட்டுத் தோற்றவர்கள்தாம். ஆயினும் அந்தப் போராட்டத்தின் நினைவும் சட்டத்தின் பிடியும் சேர்ந்து, நிர்வாகங்களை விருப்ப ஓய்வுத் திட்டத்தின் பக்கம் தள்ளின. ஓய்வு உண்மையில் எவ்வளவு விருப்பமானது என்பது வேறு வினா. ஆனால் அதற்கு ஒரு தொகை இருந்தது, ஓர் ஒப்பந்தம் இருந்தது, கையொப்பமிட்ட தாள் இருந்தது. மென்பொருள் பொறியாளருக்கோ வளாகத் தேர்வில் தந்த நியமனம் தள்ளிவைக்கப்பட்டது. அல்லது ராஜினாமா கேட்கப்பட்டது.

தேடலின் கருவியும் மாறிவிட்டிருந்தது. 1997-இல் தொடங்கிய நௌக்ரி டாட் காம் போன்ற தளங்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் இடத்தையும் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தின் இடத்தையும் மெல்லப் பிடித்தன. தேடுவது எளிதாயிற்று. ஆனால் வேலையற்றோரின் எண்ணிக்கை அரசுப் பதிவேட்டிலிருந்து நழுவித் தனியார் தரவுத்தளத்துக்குள் சென்றது. அரசு அலுவலகத்தில் அவர் வேலையற்றோர். தளத்திலோ அவர் ஒரு 'விண்ணப்பதாரர்', சந்தையில் போட்டியிடும் தனிமனிதர். 1968-இல் வேலையின்மை ஒரு கொள்கைச் சிக்கலாகத் தோன்றியதற்கும் 2001-இல் அது தனிமனிதத் திறன்குறையாகத் தோன்றியதற்கும் இடையே இந்தக் கணக்கு மாற்றம் இருக்கிறது.

மூன்றாம் மந்தம் 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் நிறுவனத்தின் வீழ்ச்சியோடு வந்தது. இந்திய மென்பொருள் ஏற்றுமதியின் பெரும்பகுதி அமெரிக்க வங்கிகளையும் காப்பீட்டு நிறுவனங்களையும் சார்ந்திருந்ததால் அடி நேரடியாக விழுந்தது. அதே ஆண்டின் இறுதியில் வாகன விற்பனையும் சரிந்து, பிம்ப்ரி ஆலையில் சில நாட்கள் உற்பத்தி நிறுத்திவைக்கப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் தலைவர் கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டார். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பணிபுரிந்த அந்நிறுவனத்தை, புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட டெக் மஹிந்திரா ஏப்ரலில் கையகப்படுத்தியது. பணியில்லாமல் எஞ்சியிருந்த ஆயிரக்கணக்கானோர் அடிப்படை ஊதியத்துடன் ஒரு காத்திருப்புத் தொகுப்பில் வைக்கப்பட்டனர். குறைகள் பல இருந்தபோதும், காத்திருப்பின் செலவில் ஒரு பங்கை நிறுவனம் ஏற்ற அரிய நிகழ்வு அது. அங்கே அரசு தலையிட்டுப் புதிய இயக்குநர் குழுவை அமர்த்தியிருந்தது என்பதை மறக்கலாகாது.

நான்காம் மந்தம் பெயரில்லாதது. 2022 மார்ச்சில் சுழியத்தை ஒட்டியிருந்த அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி விகிதம், 2023 ஜூலைக்குள் 5.25–5.50 விழுக்காட்டை எட்டியது. மலிவான கடனில் வளர்ந்த தொழில்நுட்பச் செலவு சுருங்கியது. 2023–24 நிதியாண்டில் டிசிஎஸ் நிறுவனத்தின் ஊழியர் எண்ணிக்கை 13,249 குறைந்தது. இன்ஃபோசிஸில் 25,994, விப்ரோவில் 24,516. மூன்று நிறுவனங்களில் மட்டும் ஓராண்டில் ஏறத்தாழ 64,000 இடங்கள் இல்லாமற்போயின. இந்தியா அப்போது பொருளாதார மந்தத்தில் இல்லை. நாட்டின் மொத்த உற்பத்தி வளர்ந்துகொண்டிருந்தது. நாடு வளர, ஒரு துறையின் நுழைவாயில் மட்டும் மூடப்பட்டது. பணிநீக்கம் என்ற சொல் இதற்குப் பொருந்தாது. பெரும்பகுதி, விலகியோரின் இடத்தில் புதியவரை எடுக்காமல் விட்டதால் நேர்ந்தது. வெளியேற்றப்பட்டவரைவிட உள்ளே வர முடியாதவரே இதில் மிகுதி. அவர்களை எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையும் எண்ணுவதில்லை.

உள்ளே வர இயலாத ஆண்டின் விளைவு அவ்வாண்டோடு முடிவதில்லை. அமெரிக்கப் பட்டதாரிகளை ஆராய்ந்த பொருளியலாளர் லிசா கான் 2010-இல் வெளியிட்ட கட்டுரையில், மந்தகாலத்தில் பட்டம் பெற்றோரின் தொடக்க ஊதியம் கணிசமாகக் குறைவதையும், பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த இடைவெளி முழுதும் மறையாததையும் காட்டினார். கனடாவைப் பற்றி ஓரியோபூலோஸ், வான் வாக்டர், ஹைஸ் ஆகியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு முக்கியமான துணைக்கருத்தைத் தந்தது. இழப்பு சுமார் பத்தாண்டுகளில் தணிகிறது. அது தணியும் வழிகளுள் முதன்மையானது, இளைஞர்கள் சிறிய நிறுவனத்திலிருந்து மேலான நிறுவனத்துக்கு மாறிச் செல்வது. அதாவது, மந்தத்தின் காயத்தை ஆற்றும் மருந்து வேலை மாறும் சுதந்திரம்.

இந்திய மென்பொருள் துறை அந்த மருந்தைத்தான் படிப்படியாகக் குறைத்து வந்திருக்கிறது. மூன்று மாத முன்னறிவிப்புக் காலம் பெரிய நிறுவனங்களில் வழக்கமாகிவிட்டது. முந்தைய நிறுவனத்தின் பணிவிடுவிப்புக் கடிதம் இல்லாமல் அடுத்த கதவு திறப்பதில்லை. நாஸ்காம் 2006-இல் தொடங்கிய தேசியத் திறன் பதிவகம், ஊழியரின் கல்வியையும் பணி வரலாற்றையும் சரிபார்த்து வைக்கும் பொதுத் தரவுத்தளம். 2014-இல் வந்த வருங்கால வைப்புநிதியின் ஒற்றை எண், எந்த மாதம் எங்கு ஊதியம் வந்தது, எந்த மாதம் வரவில்லை என்பதைப் பணி வழங்குவோர் அறிய வழி செய்தது. போலி அனுபவச் சான்றிதழ்களைத் தடுக்க இவை தேவை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் மந்தத்தால் நேர்ந்த எட்டு மாத இடைவெளி அழியாத வடுவாகப் பதிவாகிறது. ஊழியரின் இடைவெளி ஆவணப்படுத்தப்படுகிறது. இடைவெளியின் காரணம் ஆவணப்படுத்தப்படுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்ற வினா இங்கு எழுகிறது. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 'தொழிலாளி' வரையறையில், 1956-ஆம் ஆண்டுத் திருத்தம் 'தொழில்நுட்பப் பணி' செய்வோரையும் சேர்த்தது. மேற்பார்வைப் பணிக்கு ஊதிய உச்சவரம்பு உண்டு. தொழில்நுட்பப் பணிக்கு இல்லை. எனவே நிரல் எழுதுபவர், எவ்வளவு ஊதியம் பெற்றாலும், மேலாண்மைப் பணியில் இல்லாதவரை அவ்வரையறைக்குள் வருவார் என்று வாதிட வலுவான இடம் உண்டு. 240 நாட்கள் பணிபுரிந்தவரை ஆட்குறைப்புச் செய்ய 25எஃப் பிரிவு ஒரு மாத முன்னறிவிப்பையும், நிறைவுசெய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியத்தையும் கோரியது. கடைசியில் சேர்ந்தவரே முதலில் செல்ல வேண்டும் என்றது 25ஜி. மீண்டும் ஆள் எடுத்தால் விலக்கப்பட்டவருக்கே முன்னுரிமை என்றது 25எச். நூறு பேரோ அதற்கு மேலோ பணிபுரிந்த இடங்களில் அரசின் முன்னனுமதி வேண்டும் என்ற கடுமையான விதி தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. மற்றவை மென்பொருள் பூங்காவின் வாயிலில் நின்றுவிடுபவை அல்ல.

இவ்வுரிமையை நடைமுறையில் முதலில் சோதித்துப் பார்த்த களங்களுள் தமிழ்நாடு குறிப்பிடத்தக்கது. 2015 ஜனவரியில், கருவுற்றிருந்த ஒரு பெண் பொறியாளரின் பணிநீக்கத்துக்குச் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2016-இல் தமிழ்நாடு அரசு, தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் சங்கம் அமைக்கவும் தொழில் தகராறுகள் சட்டத்தின்கீழ் தீர்வு தேடவும் தடையில்லை என்று தெளிவுபடுத்தியது. அந்த எழுச்சியில் உருவான ஊழியர் மன்றம் புனேயிலும் கிளைவிட்டது. பின்னர் புனேயிலேயே நைட்ஸ் போன்ற அமைப்புகள் தோன்றி, தாமதமாகும் நியமனங்கள் குறித்துத் தொழிலாளர் அமைச்சகத்தின் கதவைத் தட்டின. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. முன்னனுமதிக்கான எண்ணிக்கை 300 ஆக உயர்ந்துவிட்டது. அதே வேளையில், ஆட்குறைப்புச் செய்யப்பட்ட தொழிலாளிக்கு 15 நாள் ஊதியத்துக்கு இணையான தொகை தரும் மறுதிறன் நிதியும் அதில் உண்டு.

இவை எல்லாவற்றையும் செயலிழக்கச் செய்யும் ஒரு தாள் உண்டு. அதுவே ராஜினாமாக் கடிதம். ஆட்குறைப்புக்குத்தான் இழப்பீடு. ஆட்குறைப்புக்குத்தான் மறுநியமன முன்னுரிமை. ஆட்குறைப்புக்குத்தான் மறுதிறன் நிதி. தானே விலகியவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. ஆனால் தானே விலகியதாக எழுதித் தராதவருக்குப் பணிவிடுவிப்புக் கடிதம் கிடைக்குமா என்ற அச்சம் பொறியாளரைக் கையொப்பமிடச் செய்கிறது. அடுத்த வேலைக்கான ஒரே சாவியைக் காக்க, முந்தைய வேலையின் உரிமைகளை அவர் தாமே துறக்கிறார். சட்டம் மீறப்படுவதில்லை. அதற்கு வேலையே இல்லாமல் செய்யப்படுகிறது.

வரலாற்றாய்வாளருக்கு இது ஓர் ஆவணச் சிக்கலும் ஆகும். 1989-ஆம் ஆண்டுப் போராட்டத்தை ஆராய்பவருக்குத் துண்டறிக்கைகள், நீதிமன்ற ஆவணங்கள், நாளிதழ்ப் படங்கள் உள்ளன. ஆகுர்டி ஆலையின் மூடலுக்கு ஒப்பந்தங்களும் பேச்சுவார்த்தைச் செய்திகளும் உள்ளன. 1968-க்கு வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேடுகள் உள்ளன. 2001, 2009, 2023 ஆகிய ஆண்டுகளில் நிக்டியின் செக்டர்களில் நிகழ்ந்தவற்றுக்கு என்ன உள்ளது? முடக்கப்பட்ட அலுவலக மின்னஞ்சல் கணக்குகள். அவற்றுக்குள், சொந்தக் காரணங்களுக்காக விலகுவதாக ஒரே வாய்பாட்டில் எழுதப்பட்ட கடிதங்கள். நாளைய ஆய்வாளர் அவற்றை நேர்பொருளில் படித்தால், இந்தியாவின் மிகப்பெரிய தொழில்நுட்ப ஆட்குறைப்புகள் நிகழ்ந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஒரே வாரத்தில் சொந்தக் காரணங்களைக் கண்டடைந்தார்கள் என்றே எழுத நேரும்.

நிக்டி வழியாக ஆண்டுதோறும் தேஹுவிலிருந்து துக்காராமின் பல்லக்கு ஆகுர்டிக்குச் செல்கிறது. துக்காராம் 1630-ஆம் ஆண்டையொட்டிய தக்காணப் பஞ்சத்தில் மனைவியையும் வணிகத்தையும் இழந்த கடைக்காரர். கடன் பத்திரங்களை அவர் இந்திராயணி ஆற்றில் விட்டதாக மரபு கூறுகிறது. நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வணிகரின் முறிவு இன்றும் இவ்வட்டாரத்தின் நினைவில் இருப்பதற்குக் காரணம், அது அவரது தனிப்பட்ட திறன்குறையாகச் சொல்லப்படாமல், பஞ்சத்தின் கதையாகச் சொல்லப்பட்டதே. மந்தகாலத்தில் வேலையிழந்த பொறியாளரின் கதை இன்னும் அவ்வாறு சொல்லப்படவில்லை.

ஆகவே சமூகவியல், தொழிலாளர் வரலாறு, பொருளியல் துறைகளின் மாணவர்களுக்கு இங்கு ஒரு பெரும் பணி காத்திருக்கிறது. தள்ளிவைக்கப்பட்ட நியமனக் கடிதங்கள், விலகச் சொல்லி நடந்த கூட்டங்களின் நினைவுகள், பதில் வராத விண்ணப்பங்களின் கணக்கு, இடைவெளி மாதங்களில் வீட்டுக்கடன் எவ்வாறு கட்டப்பட்டது என்ற விவரம் ஆகியவை இன்னும் கைப்பேசிகளிலும் நினைவுகளிலும் உள்ளன. வாய்மொழி வரலாற்று முறையில், பெயர் மறைத்து, அவற்றைத் தொகுக்க இயலும். கல்லூரிகள் தம் வேலைவாய்ப்புப் பிரிவின் ஆண்டுவாரிக் கணக்குகளை, நியமனம் பெற்றோர் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், உண்மையில் பணியில் சேர்ந்தோர் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாதுகாக்க இயலும். எண்ணப்பட்டதால்தான் 1968-இன் வேலையற்ற பொறியாளருக்கு அரசு பதில் சொன்னது. எண்ணப்படாதவருக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.